இரண்டு அங்குல இடம்

அப்பாவின் பாஸ்போர்ட் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. காரணம் என்று ஒரே ஒரு வரி: விண்ணப்பதாரரின் கண்கள் மூடியுள்ளன. முதல் முறையும் அதேதான். இரண்டாவது முறை நான் கெட்டிக்காரத்தனமாக வீடியோ எடுத்து, அதில் அரை நொடி கண் திறந்த இடத்தைப் பிடித்து அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை என்று வந்தது. அந்தப் படத்தில் அப்பா ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கிற ஆள் மாதிரி இருந்தார். அதிகாரிகளைக் குறை சொல்ல முடியாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடிக் கண்களாவது என் முன்னால் திறந்து மூடும். பெற்ற தகப்பனின் ஒரே ஒரு ஜோடியை இரண்டு நொடி திறந்து வைக்க எனக்குத் துப்பில்லை. தெருமுனை ஸ்டூடியோக்காரர் நாற்பத்தொரு படம் எடுத்துவிட்டு, இனிமேல் வரைந்துதான் கொடுக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

புதுப் படம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் விண்ணப்பமே ரத்து, மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம். கடல் தாண்டி இருக்கும் அக்காவுக்கு ஆறு வாரத்தில் பிரசவம். அம்மாவின் பாஸ்போர்ட் எப்போதோ வந்துவிட்டது. அப்பா இல்லாவிட்டாலும் தான் போகப்போவதாக அம்மா அறிவித்ததும் அப்பா, "போயிட்டு வா, எனக்கென்ன" என்றார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய், பேரப்பிள்ளைக்காகச் செய்துகொண்டிருந்த பொம்மை லிஃப்ட்டின் கயிற்றைச் சரிசெய்ய உட்கார்ந்தார். நாலு மாடி, சின்னக் கப்பி, கதவுகூட உண்டு. பிறந்த குழந்தைக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் போகாமல் அந்தப் பொம்மை மட்டும் போனால் எனக்கு நெஞ்சு தாங்காது.

அப்பாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நானே சோதித்திருக்கிறேன். அறுபத்தொரு வயதுக்குப் பொறாமைப்படும்படியான கண்கள். கோளாறெல்லாம் தொழிலில். அப்பா லிஃப்ட் மாட்டுகிறவராக இருந்தவர். கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் இரும்புத் தண்டவாளத்தை நிறுத்தி, சுவரோடு அதைப் பிடிக்கும் தாங்கிகளை வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டிங் வைப்பவர் பெரியப்பா, அதாவது அப்பாவின் சொந்த அண்ணன். தாங்கியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர் அப்பா. கம்பெனி கொடுத்த முகக்கவசமோ ஒன்றே ஒன்று. அது வெல்டிங் வைப்பவருக்கு. அதனால் பொறி தட்டுவதற்கு முன் பெரியப்பா "கண்ணு" என்பார். அப்பா கண்ணை இறுக்கி மூடுவார். முடிந்ததும் "ஆச்சு" என்பார். அப்பா திறப்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை, முப்பது வருஷம்.

விளைவு, அப்பாவின் எதிரில் யார் எதைத் தூக்கிப் பிடித்தாலும் இமை தானாக விழுந்துவிடும். நானும் அம்மாவும் "ஆச்சு" சொல்லிப் பார்த்தோம். அவருடைய இமைகள் எங்களை நம்பவில்லை. சொல்ல வேண்டியவர் வந்து சொன்னால் ஒரு நிமிஷ வேலை என்று அம்மா ஒரே ஒரு முறை வாய்விட்டாள். அப்படி ஒரு படமும் வேண்டாம், அப்படி ஒரு பயணமும் வேண்டாம் என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

ஏனென்றால் அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறு என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இருந்தாலாவது சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருக்கும். விஷயம் ஒரு குரூப் போட்டோ. பெரியப்பா ஓய்வு பெற்ற அன்று, இருவரும் சேர்ந்து மாட்டிய கடைசி லிஃப்ட்டின் முன்னால் இரண்டு குடும்பமும் நின்று எடுத்த படம். வலது ஓரத்தில், லிஃப்ட் கதவை ஒரு கையால் தடுத்துப் பிடித்தபடி அப்பா. ஒரு மாதம் கழித்துப் பெரியப்பா வீட்டுக்குப் போனால், கூடத்துச் சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அப்பாவைக் காணோம். கதவைப் பிடித்த கையில் நாலு விரல் மட்டும் பாக்கி.

சட்டம் சின்னது, அதனால் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று என்று பெரியப்பா சொன்னார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, படத்தை அளந்தார், சட்டத்தை அளந்தார். வலது பக்கம் வெள்ளை அட்டை வைத்து அடைத்த இடம் மட்டும் இரண்டு அங்குலம். தாராளமாக ஒரு தம்பி நிற்கலாம். அப்பா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்தான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ள வேண்டியது எதுவானாலும் என் வழியாகத்தான் போய் வருகிறது. எனக்குச் சம்பளம் கிடையாது.

இந்த நிலைமையில்தான் அத்தை மகளின் கல்யாண வரவேற்பு வந்தது. சனிக்கிழமை, மதிய விருந்து. வாசலில் போட்டோ பூத் வைக்கப்போவதாக அத்தை போனில் பெருமையடித்துக்கொண்டாள். திரை போட்ட சின்னப் பெட்டி. உள்ளே முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் மூன்று முறை பீப் அடித்து, பளிச்சென்று படம் எடுக்கும். அடுத்தடுத்து நாலு படம். இரண்டங்குல அகலத்தில் நீளமான சீட்டாக இரண்டு பிரதி வெளியே விழும். ஒன்று விருந்தாளிக்கு. இன்னொன்றை ஆல்பத்தில் ஒட்டி, கீழே வாழ்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். விருந்தாளிகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அத்தை சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. ஆளைப் பார்த்தால்தானே அப்பா கண்ணை மூடுகிறார், மெஷினிடம் என்ன கூச்சம் என்பது அவளுடைய வாதம். எத்தனை தடவை மூடுவார், ஒரு தடவை மறந்தாவது திறக்க மாட்டாரா என்றாள். அம்மா தையல்காரி. எதையும் துணி மிச்சமாகாமல் வெட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

பந்தி தொடங்கும் முன்பே நாங்கள் ஆஜர். மணமக்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அம்மா நேராக பூத்துக்கு நடந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கஜம் வெள்ளை லைனிங் துணி, ஒரு டப்பா குண்டூசி, சீப்பு, பவுடர், நூல் வெட்டும் கத்தரி எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. பூத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண், பெரிய மூக்கு, அட்டை மீசை, இதய வடிவக் கண்ணாடி எல்லாம் அடுக்கிய மேஜையைக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அட்டை மீசையெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மா அவளுக்கு விளக்கினாள். பிறகு உள்ளே பூப்போட்ட பின்திரையின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் குத்தி, முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டாள்.

தையல் சங்க அட்டைக்கு ஒன்று. நூலக அட்டைக்கு ஒன்று. பஸ் பாஸுக்கு ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று. அடுத்து என்னைப் பிடித்து உள்ளே தள்ளி, காது தெரியும்படி முடியை ஒதுக்கிவிட்டு, எனக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு. பூத் பெண் பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். விழுந்த ஒவ்வொரு இரண்டாவது பிரதியையும் ஆல்பத்தில் ஒட்டி, பேனாவை நீட்டினாள். அம்மா முதல் சீட்டின் கீழ் 'நூறாண்டு வாழ்க' என்று எழுதினாள். அடுத்த சீட்டிலிருந்து 'மேற்படி' என்று எழுத ஆரம்பித்தாள்.

அப்பா உட்கார்ந்தார். பீப், பீப், பீப், பளிச். மூடிய கண். மறுபடியும், மறுபடியும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தோம். பீப் கேட்காவிட்டால் வெளிச்சத்துக்கு மூடினார். முதலிலேயே மூடிக்கொண்டு மூன்றாவது பீப்புக்குத் திறக்கச் சொன்னோம். மூடினார், திறக்கவே இல்லை. ஒன்பது சீட்டு, முப்பத்தாறு படம். ஒவ்வொன்றிலும் அப்பா வெள்ளைத் துணிக்கு முன்னால், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, வாயை மூடி, கண்ணை மூடி, மகா அமைதியாக இருந்தார். வெளியே வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கையில் அட்டை மீசையை வைத்துக்கொண்டு பொறுமையிழந்து நின்றார்கள். ஒரு பெரியவர் மீசையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

அப்போதுதான் அத்தை, சம்பந்தியம்மாவிடம் பெருமையாகக் காட்ட ஆல்பத்தைத் திறந்தாள். பக்கம் பக்கமாக எங்கள் குடும்பம். முதலில் முறைக்கும் அம்மா, பிறகு முழிக்கும் நான், பிறகு அப்பா, அப்பா, அப்பா. எல்லாவற்றுக்கும் கீழே மேற்படி. சம்பந்தியம்மா மிகவும் மெதுவான குரலில், இவர் எப்போது தவறினார் என்று கேட்டாராம்.

அத்தை என்னைத் தனியாக இழுத்து, "கல்யாண ஆல்பத்தத் தொறந்தா அஞ்சலி புஸ்தகம் மாதிரி இருக்கு, மொதல்ல உங்கப்பாவ வெளிய கொண்டுவா" என்றாள். நான் அம்மாவை மீறி அவரை எங்கே கொண்டுவருவது? அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். தன் பெரிய அண்ணனைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டு, பூத்தைக் காட்டினாள்.

பெரியப்பா வந்தார். அறுபத்தொன்பது வயது, சலவைச் சட்டை, வெல்டிங் புகை தங்கிப்போன கரகரப்புக் குரல். திரைக்கு வெளியே வந்து நின்றவருக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொரு வருஷம் பேசாத ஆளை எப்படிக் கூப்பிடுவது? கடைசியில் என்னைப் பார்த்து, "உங்கப்பாவ வெளிய வரச் சொல்லு" என்றார். திரைக்கும் அவருக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். நான் திரையிடம் அதையே சொன்னேன். உள்ளேயிருந்து, "இன்னும் ஒண்ணு எடுத்துட்டு வரேன்னு சொல்லு" என்று பதில் வந்தது. நான் பெரியப்பாவிடம் சொன்னேன். அம்மா என்னை நகர்த்திவிட்டுத் திரைக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்கப் போனாள்.

பூத் பெண் அழாத குறையாக, முந்தின நாள் விழாவில் போனது போக மிச்ச ரோலைத்தான் தான் கொண்டுவந்ததாகவும், இது கடைசித் தாள் என்றும், இதற்கு மேல் மெஷின் எடுக்காது என்றும் சொன்னாள். வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. அம்மா ஒரு நொடி தயங்கினாள். அமுக்கிவிட்டாள்.

பீப், பீப், பீப், பளிச். திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த அம்மா, "மூடிட்டீங்க" என்றாள். இரண்டாவது பளிச். "மூடிட்டீங்க." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. அப்பா வெறும் முக்காலியில் கைகளை முன்னால் நீட்டி, முழங்கால்களை இறுக்கிப் பிடித்திருந்தார். பெரியப்பாவும் இடுக்கு வழியாகப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த இறுக்கி மூடிய முகத்தை அவரைவிட அதிகம் பார்த்தவர்கள் உலகத்திலேயே கிடையாது.

பீப். பீப். பெரியப்பா திரையை விலக்கித் தலையை உள்ளே விட்டார். சத்தமே போடவில்லை. குழிக்குள் பேசுவதுபோல அடங்கிய குரலில், "ஆச்சு" என்றார்.

பளிச்.

சீட்டு விழுந்ததும் அம்மா கைப்பற்றினாள். முதல் இரண்டு கட்டத்தில் வழக்கமான அமரர். மூன்றாவது கட்டத்தில் அப்பா. இரண்டு கண்ணும் அகலத் திறந்து, நேராகப் பார்த்து, வாய் மூடி, காது தெரிய, அதிகாரிகள் ஆசைப்பட்ட அத்தனையும் அதில் இருந்தது. கூடவே அப்பாவின் கன்னத்தோடு கன்னமாகப் பெரியப்பாவின் தலையும் இருந்தது. நாலாவது கட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் திருடும்போது பிடிபட்ட களை.

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தை வெட்டி எடுத்து, பெரியப்பாவின் தலையை நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கைப்பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தேவிட்டாள். பெரியப்பா அதைப் பார்த்தார். "வெட்டிக்கோங்க" என்றார், அம்மாவிடம். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கப் போனார்.

அப்பா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்மாவின் கையிலிருந்து கத்தரியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வெட்டறது எங்க குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் பழக்கம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் முறையாக எனக்கு வேலை இல்லாமல் போனது.

பெரியப்பா நின்றார். "ஃப்ரேம் சின்னதுன்னு சொன்னது பொய்தான்."

"தெரியும். அளந்தேன்."

"அந்தப் போட்டோவுலயும் நீ கண்ண மூடியிருந்தடா." பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சுவத்துல மாட்டிட்டு ஒக்காந்து பாத்தேன். செத்தவன் மாதிரி இருந்த. கண்ண மூடு, கண்ண மூடுன்னு முப்பது வருஷம் சொன்னவன் நான். கவசத்த நான் போட்டுக்கிட்டு உன்ன மூடச் சொன்னேன். சாப்பிட ஒக்காந்தா எதுக்க அதுதான் தெரியுது. முடியலடா. அத உங்கிட்ட எப்படிச் சொல்றது? ஃப்ரேம் சின்னதுன்னு சொல்லிட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் மீசையை இறக்கிவிட்டார்கள். எனக்கு இரண்டு பேரையும் நிற்க வைத்து அறையலாம் போல இருந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவா நான் பதினொரு வருஷம் தபால்காரியாக அலைந்தேன்?

அப்பா அம்மாவிடமிருந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "கவசம் ஒண்ணுதான குடுத்தான். ரெண்டு பேரும் போட்டுக்க முடியுமா" என்றார். சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "திங்கக்கெழம காலைல ஒம்பது மணிக்கு ஸ்டூடியோவுக்கு வா. லேட்டா வராத" என்றார். பெரியப்பா தலையாட்டினார். கடைசிச் சீட்டின் இரண்டாவது பிரதியையும் பூத் பெண் ஆல்பத்தில் ஒட்டி நீட்ட, அம்மா அதன் கீழும் 'மேற்படி' எழுதினாள். அதற்குள் அத்தை வந்து இருவரையும் சாப்பிடத் துரத்தினாள். நாங்கள் கிளம்பும்வரை அம்மாவோடு அவள் பேசவில்லை.

திங்கட்கிழமை பெரியப்பா எட்டரைக்கே வந்து ஸ்டூடியோ பூட்டின் முன் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் அப்பாவைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார். ஒரே ஒரு படம் என்று நான் சத்தியம் செய்தேன். காமிராவுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், பெரியப்பா நின்றார். "ஆச்சு." ஒரே சொடுக்கு. பதினொரு மணிக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. விமானத்தில் பொம்மை லிஃப்ட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார் என்று அம்மா போனில் சலித்துக்கொண்டாள்.

பூத் சீட்டைப் பெரியப்பா தனக்குக் கேட்டிருந்தார். அப்பா மறுத்துவிட்டார். ஆளுக்கு இரண்டு கட்டமாக வெட்டிக்கொள்ளலாமே என்று அம்மா யோசனை சொன்னபோது இருவரும் சேர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். இப்போது அது எங்கள் பீரோ கண்ணாடியில் முழுசாக இருக்கிறது.

நேற்று அத்தை போன் செய்தாள். கல்யாண ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தை யாரோ பிய்த்துவிட்டார்கள், பசைத் தடமும் 'மேற்படி'யும் மட்டும் இருக்கிறது, உங்கள் ஆட்கள் யாராவதா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அந்தப் பழைய குரூப் போட்டோ அதே இடத்தில் தொங்கியது. வலது பக்கத்து வெள்ளை அட்டையைக் காணோம். லிஃப்ட் கதவைப் பிடித்த நாலு விரலுக்குப் பக்கத்தில், அந்த இரண்டு அங்குலத்தில், பூத் சீட்டு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மேல் இரண்டு கட்டத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மடித்துவிட்டிருந்தார். வெட்டவில்லை.